குகைக்கு முன்னால் ஒரு தூண்

அன்புள்ள தம்பிக்கு,

கவியரங்கத்துக்கு நீ எழுதிய போர்க்கவிதை கிடைத்தது. கைதட்டல் விழும், சந்தேகமே இல்லை. ஈழத்தில் தொடங்கி காசா வரைக்கும் போயிருக்கிறாய். நடுவில் புறநானூற்றுத் தாய். அவள் வயிறு, புலி தங்கிப்போன குகை. அந்தக் குகையைத்தான் நம் மேடைகள் காலங்காலமாக வாடகைக்கு எடுத்துக்கொண்டிருக்கின்றன.

காவற்பெண்டு பாடிய அந்த 86ஆம் பாட்டை இன்னொரு தரம் நிதானமாகப் படி. சின்ன வீடு. யாரோ வந்து தூணைப் பிடித்துக்கொண்டு, உன் மகன் எங்கே என்று கேட்கிறார்கள். எங்கிருக்கிறானோ தெரியாது என்கிறாள் தாய். அதற்கப்புறம்தான் குகையும் போர்க்களமும் வருகின்றன. வீரத்தாயின் பெருமிதம் என்பார்கள் உரைகாரர்கள், திணையும் வாகைதான். நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் 'தெரியாது' என்னை அவ்வளவு சுலபமாகக் குகைக்குப் போக விடுவதில்லை.

நம் ஊர்ப் பெயரிலேயே வவுனியா மாவட்டத்தில் ஒரு செட்டிகுளம் உண்டு. நமக்குச் செட்டிகுளம் என்றால் கையில் கரும்போடு நிற்கும் முருகன், சின்ன வெங்காயம். 2009இல் உலகச் செய்திகளில் அடிபட்டது அந்தச் செட்டிகுளம். மெனிக் பாம் முகாம் அங்கேதான். வன்னிப் போரிலிருந்து மிஞ்சி வந்தவர்கள் இரண்டு லட்சம் பேருக்கு மேல் முள்வேலிக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள். 2012 செப்டம்பரில்தான் அதை மூடினார்கள். சரணடைந்தபோது ராணுவத்தின் கையில் விட்ட பிள்ளைகளைக் கேட்டு, 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார் படங்களோடு சாலையோரப் பந்தலில் உட்கார்ந்தார்கள். மகன் எங்கே என்றால் அவர்களுக்கும் தெரியாது. களத்தில் இருப்பான் என்று காவற்பெண்டு போலச் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை, களமே முடிந்துபோயிற்று.

இன்னொன்று. கட்டாய ஆள்சேர்ப்பில் பிள்ளையை விடுதலைப் புலிகள் கொண்டுபோன வீடுகளும் வன்னியில் உண்டு. அப்படிப்பட்ட ஒரு தாயின் முன்னால் நின்று உன் புலிக்குகை வரியை வாசிக்க உனக்கு நா எழுமா? எழாது என்றால் அந்த வரியை அடித்துவிடு.

அதே புறநானூற்றில் கோவூர்கிழாரையும் பார். சோழர்கள் நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் உறையூரில் மோதி நின்றபோது, இருவர் கண்ணியும் ஆத்திதானே, எவன் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதானே என்று முகத்துக்கு நேரே சொன்ன ஆள். அவர் பெயர் கவியரங்கங்களில் ஏனோ அதிகம் அடிபடுவதில்லை.

போருக்குள் இருந்தவர்கள் எழுதியதையும் தேடிப் படி. 1985இல் வந்த 'மரணத்துள் வாழ்வோம்' தொகுப்பு, அடுத்த ஆண்டு வந்த 'சொல்லாத சேதிகள்'. பின்னது முழுக்கப் பெண்களின் கவிதைகள். இரண்டையும் படித்த பிறகு உன் கவிதையில் எத்தனை ஆச்சரியக்குறி மிஞ்சுகிறது என்று எண்ணிப் பார்.

காசா பகுதியை எடுத்துவிடச் சொல்லமாட்டேன். ஆனால் அங்கேயும் ஒரு வீடு வேண்டும், பிடித்துக்கொள்ள ஒரு தூண் வேண்டும். இப்போது வெறும் தீயும் புகையும்தான் இருக்கிறது. அதை டிவியிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

பெரம்பலூர் போகும்போது துறைமங்கலம் இலங்கைத் தமிழர் முகாமுக்கு ஒரு நடை போய் வா. கவிதைக்கு விஷயம் கேட்காதே, நோட்டும் வேண்டாம். டீ கொடுத்தால் குடித்துவிட்டு, அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிரு. அரங்கத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. திருத்தியதும் அனுப்பு, இந்தத் தடவை தலைப்பில் 'வீரம்' வேண்டாம்.

அன்புடன்,
உன் அண்ணன்