வழிச்சாவடியும் நூல் நிலையமும்

சென்னையினின்று மேற்கே பூவிருந்தவல்லி நோக்கிச் செல்வோர், வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி என்னும் ஊர்ப்பெயர்களைக் காண்பர். சாவடி என்பது வழிச்செல்வோர் தங்கி இளைப்பாறுதற்கு அமைந்த பொதுவிடம். பாரவண்டிகள் இரவும் பகலும் சென்ற காலத்தில் மாட்டை அவிழ்த்துக் கட்டவும், கட்டுச்சோறு உண்ணவும், மழைக்கு ஒதுங்கவும் சாவடிகள் பயன்பட்டன. வந்தவன் செல்வனா வறியனா என்று அங்கே எவரும் வினவுவதில்லை. இன்று அச்சாலையில் பேருந்துகள் விரைகின்றன. மெட்ரோ இரயிலுக்கென உயர்ந்த பாலமும் எழுந்துள்ளது. சாவடிகள் மறைந்தன, பெயர்கள் நின்றன.

குமணன்சாவடி என்னும் பெயரைக் கேட்டவளவில் தமிழ் கற்றார் நெஞ்சில் முதிரமலைக்குரிய குமண வள்ளல் தோன்றுவான். அவன் ஆண்ட முதிரம் இவ்வூருக்கு மிகத் தொலைவிலுள்ளது. ஆயினும், பெயர் ஒன்றே அவன் வரலாற்றை நினைப்பித்தற்குப் போதுமானது. தம்பியாகிய இளங்குமணன் நாட்டைக் கைப்பற்றிக்கொள்ள, குமணன் காட்டிற் சென்று மறைந்து வாழ்ந்தான். தமையன் தலைக்குத் தம்பி விலை வைத்தான். அந்நிலையில் பெருந்தலைச் சாத்தனார் என்னும் புலவர் வறுமையால் வாடிக் காட்டிற்கே சென்று அவனைக் கண்டார். கொடுத்தற்குப் பொருள் ஒன்றும் இல்லாத குமணன், தன் தலையைக் கொய்து கொண்டுபோய்ப் பொருள் பெறுமாறு தன் வாளைப் புலவர் கையில் ஈந்தான்.

இவ்வரலாற்றினும் ஒருவகையிற் சிறந்தது மற்றொரு நிகழ்ச்சி. பெருஞ்சித்திரனார் என்பாரும் குமணனிடம் பரிசில் பெற்றவரே. அவர் பெருஞ்செல்வத்துடன் வீட்டிற்கு வந்ததும் தம் மனைவியை நோக்கி, உறவினர்க்கும், வறுமைக் காலத்தில் கடன் தந்து உதவியவர்க்கும், இன்னார் என்று எண்ணாமல் எல்லார்க்கும், தம்மைக் கேட்கவும் வேண்டாது அப்பொருளைக் கொடுக்குமாறு கூறினார். வள்ளலின் கொடை புலவர் வீட்டுப் பெட்டியில் அடைபடவில்லை. கைக்குக் கை மாறித் தெரு முழுதும் பரவியது.

இவ்வளவும் நமக்கு எங்ஙனம் தெரிந்தன? புறநானூறு என்னும் நூலால் தெரிந்தன. அந்நூலோ, ஓலையில் எழுதப்பட்டு, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிலர் வீடுகளிற் கிடந்தது. குமணன்சாவடிக்கு அண்மையிலுள்ள ஊர் கரையான்சாவடி. அவ்வூர்ப் பெயரின் காரணம் எதுவாயினும் ஆகுக. ஓலைச்சுவடிக்குக் கரையானைப் போன்ற பகை வேறில்லை. சுவடி செல்லரித்துப் போவதன் முன்னர் அதனைப் பெயர்த்து எழுதிவைக்க ஒருவர் வேண்டும். அவர் இல்லையாயின், ஒரு தலைமுறைக்குள் நூல் மண்ணாகும்.

1880-ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்த உ. வே. சாமிநாதையர், சேலம் இராமசாமி முதலியார் தூண்டுதலால் சீவக சிந்தாமணியைப் படிக்கத் தொடங்கினார். 1887-இல் அதனை அச்சிட்டார். அதன் பின்னர் அவர் ஊர் ஊராகச் சென்று சுவடி தேடினார். அவர் சென்ற இடங்களில் கண்டவை எல்லாம் இனியன அல்ல. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலிற் பல சுவடிகள் இருந்தன என்று கேள்வியுற்று ஆவலுடன் சென்றார். பழஞ்சுவடிகளை நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இடுவது முறை என்று கருதி அவற்றை எரித்துவிட்டனர் என்ற செய்தியே ஆங்குக் கிடைத்தது. எரித்தவர்கள் கொடியவர்கள் அல்லர். அவை இன்னவை என அறியாதவர்கள். அறியாமை செய்யும் கேட்டைப் பகைமையும் செய்வதில்லை.

இத்தகைய இடர்களுக்கிடையே 1894-இல் புறநானூறு அச்சேறியது. நானூறு பாட்டுகள் கொண்டது என்று பெயரே உணர்த்தும் அந்நூலில், 267, 268 ஆகிய எண்களுக்குரிய பாட்டுகள் இன்றுவரை கிடைத்தில. வேறு சில பாட்டுகள் இடையிடையே சிதைந்துள்ளன. காணாமற்போன அவ்விரண்டு பாட்டுகளிலும் எந்த வள்ளல் பெயர் இருந்ததோ! குமணனைப் பற்றிய பாட்டுகளும் அவ்வாறே அழிந்திருப்பின், இவ்வூர்ப் பெயர் எவருக்கும் எதனையும் நினைப்பித்திராது. சாமிநாதையர் 1942-இல் மறைந்தார். மறு ஆண்டில், அவர் தொகுத்த சுவடிகளையும் நூல்களையும் காத்தற்பொருட்டு உருக்மிணி தேவி அருண்டேல் அவர் பெயரால் ஒரு நூல் நிலையத்தை நிறுவினார். அது சென்னைப் பெசன்ட் நகரில் உள்ளது.

குமணன்சாவடியைச் சூழ்ந்த நிலம் நூலாசிரியர்களுக்குக் குறைவுடையதன்று. பெரிய புராணம் பாடிய சேக்கிழார் தெற்கே குன்றத்தூரில் பிறந்தவர். மேற்கே திருமழிசை, நான்முகன் திருவந்தாதியும் திருச்சந்தவிருத்தமும் அருளிய ஆழ்வாரின் ஊர். இராமாநுசர் போற்றிய திருக்கச்சி நம்பி பூவிருந்தவல்லியிற் பிறந்தவர். ஒரு நாள் நடையில் மூன்று ஊரையும் கண்டு திரும்பலாம். ஆயினும், ஓலைக் காலத்தில் அவ்வூர் உழவர் மகன் ஒருவன், தன் ஊர்ப் புலவன் பாடிய நூலைத் தானே எடுத்துப் படித்தல் எளிதாக இருந்ததா? இல்லை. ஏடு வைத்திருப்போர் சிலர். இரவல் கொடுப்போர் அவரினும் சிலர். அச்சுப் பொறி வந்த பின்னரும் விலை கொடுத்து வாங்க வல்லார்க்கே புத்தகம் உரியதாயிற்று. சாவடியில் எவரும் தங்கலாம் என்பதுபோல, எவரும் படிக்கலாம் என்னும் நிலை பின்னரே வந்தது.

சென்னை எழும்பூரில் கன்னிமாரா நூல் நிலையம் 1896-ஆம் ஆண்டு திசம்பர் 5-ஆம் நாள் திறக்கப்பட்டது. அது பெருமைக்குரியதே. எனினும் நகரில் ஒரு மாளிகை எழுந்ததனால் நாட்டுப்புறத்தார் பசி நீங்கவில்லை. அப்பசியை உணர்ந்தவருள் தலையாயவர் சீர்காழியில் 1892-இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன். அவர் கணித ஆசிரியர். 1924-இல் சென்னைப் பல்கலைக் கழக நூலகராக அமர்ந்தபொழுது, அவ்வேலையிற் சலிப்புற்றுப் பழைய ஆசிரியத் தொழிலுக்கே மீள விரும்பினாராம். பின்னர் இங்கிலாந்து சென்று, அங்குள்ள பொது நூல் நிலையங்களில் தொழிலாளரும் சிறுவரும் முதியோரும் வந்து படிப்பதைக் கண்டார். திரும்பி வந்தவர் நூலகத்தை விட்டு அகலவே இல்லை. பூட்டிய பேழைகளைத் திறந்து, படிப்போர் தாமே அடுக்கிற் சென்று நூலெடுக்க வழிசெய்தார். 1928-இல் சென்னை நூலகச் சங்கம் தோன்ற முன்னின்றார். நூல்கள் பயன்படுவதற்கே உரியன என்பது 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளுள் முதலாவது. இதனைச் சொல்லவும் வேண்டுமா எனச் சிலர் நகைக்கலாம். பூட்டிய அலமாரியின் கண்ணாடி வழியே புத்தக முதுகை மட்டும் பார்த்துத் திரும்பிய சிறுவனைக் கேட்டால், அவ்விதியின் அருமையை அவன் சொல்லுவான்.

அதே 1931-இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலிலிருந்து ஒரு மாட்டு வண்டி புறப்பட்டது. நெல் மூட்டையோ வைக்கோலோ அதில் இல்லை, புத்தகங்கள் இருந்தன. கனகசபைப் பிள்ளை என்பார் தொடங்கிய நடமாடும் நூல் நிலையம் அது. படிப்பவன் நூலைத் தேடிப் போக இயலாதாயின், நூல் அவனைத் தேடிப் போகட்டும் என்பது அவர் கருத்து. வண்டி வரும் நாளை ஊரார் எதிர்நோக்குவதும், முன்னர் எடுத்த நூலைக் கொடுத்து வேறு நூல் வாங்குவதும் அக்காலச் சிற்றூர்களுக்குப் புதுமையானவை. உப்பு வண்டியும் வளையல் வண்டியும் கண்ட தெருவில் புத்தக வண்டியும் வந்தது.

தனி ஒருவரின் ஈகையை மட்டும் நம்பினால், அவருக்குப் பின் அறம் நிற்கும் என்பதற்கு உறுதி இல்லை. குமணன் காடு புகுந்ததும் அவனை நம்பிய புலவர் நிலை என்னவாயிற்று? ஆதலின், நூல் நிலையத்திற்குச் சட்டத்தின் துணை வேண்டும் என்று அரங்கநாதன் இடைவிடாது வற்புறுத்தினார். அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. 1950-இல் நடைமுறைக்கு வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்துறையில் எழுந்த முதற் சட்டம் அதுவே. கன்னிமாராவும் அவ்வாண்டிலேயே மாநில மைய நூலகமாயிற்று.

அச்சட்டத்தின் உயிர்நாடி நூலக வரி என்னும் பகுதி. வீட்டு வரி, சொத்து வரி செலுத்துவோர் அதனுடன் நூலகத்திற்கென ஒரு சிறு தொகையும் சேர்த்துச் செலுத்துகின்றனர். இக்காலத்தில் அது ரூபாய்க்குப் பத்துப் பைசா. மாவட்டந்தோறும் அமைந்த நூலக ஆணைக் குழு அப்பொருளைக் கொண்டு நூல் வாங்கிக் கிளை நூலகங்களையும் ஊர்ப்புற நூலகங்களையும் நடத்துகிறது. படிக்கத் தெரியாத பாட்டியின் ஓட்டு வீடும் அவ்வரியைத் தருகிறது; புத்தகத்தைக் கையால் தொடாத வணிகரின் மாடி வீடும் தருகிறது. முன்னர் ஒரு மலைக்குத் தலைவன் செய்ததை இன்று ஊரிலுள்ள வீடுகள் எல்லாம் கூடிச் செய்கின்றன. இவ்வரி முழுதும் காலத்தில் நூலகத்தைச் சேர்கின்றதா என்று கேட்கும் உரிமையும் அவ்வீட்டார்க்கு உண்டு.

குமணன்சாவடி இருப்பது திருவள்ளூர் மாவட்டத்தில். அம்மாவட்டத்து நூலகம் ஒன்றில் உறுப்பினனாகச் சேரும் மாணவன், சிறு காப்புத் தொகையும் ஆண்டுச் சந்தாவும் செலுத்தினால் நூலை வீட்டிற்கே எடுத்துச் செல்லலாம். அங்கேயே அமர்ந்து படிப்பதற்குக் கட்டணம் இல்லை. எடுத்த நூலின் உள்ளட்டையில் ஒட்டிய தாளில் திருப்பித் தரவேண்டிய நாள் குறிக்கப்படும். அதன்மேல் வரிசையாக உள்ள பழைய நாட்குறிகள், முன்னர் எடுத்தோர் பலர் என்பதைக் காட்டும். புறநானூற்றைக் கேட்டு வாங்குவோர் 158 முதல் 165 வரையுள்ள பகுதியைப் புரட்டினால், குமணனையும், அவனிடம் பெற்றதை ஊரெல்லாம் பகிர்ந்தளிக்கச் சொன்ன புலவரையும் அங்கே காணலாம்.