உரியவர் கைக்கு ஒரு கருவி

நுழையும்முன்

அன்புக்குரியவருக்கு ஓர் இசைக்கருவியைத் தம் கையாலேயே செய்து பரிசளிக்க விரும்புபவர், முதலில் எதை அறிய வேண்டும்? மரத்தையா, கம்பியையா, வாசிக்கப்போகும் கையையா? மின்கிட்டார் உருவாகும் முறையை நம் நரம்புக்கருவி மரபோடு இணைத்துக் காட்டுகிறது இப்பாடம்.

பாட்டில் எஞ்சிய யாழ்

செங்கல்பட்டு மாவட்டத்து மாமல்லபுரத்தில், பல்லவர் செதுக்கிய பெரும்பாறைப் புடைப்புச் சிற்பத்தில் வீணை ஏந்திய கின்னரரைக் காணலாம். அச்சிற்பத்திற்கும் முற்பட்டது பெரும்பாணாற்றுப்படை. அதில் இடம்பெறும் நீர்ப்பெயற்று என்னும் துறைமுகம் மாமல்லபுரமே என அறிஞர் சிலர் கருதுவர். தொண்டைமான் இளந்திரையனைப் புகழ்வதற்கு முன்பே, பாணனின் பேரியாழைப் பாடுகிறார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். யாழின் போர்வைத்தோல் பாதிரிப்பூவின் உட்புறம் போன்ற நிறமுடையது. நரம்பு, பொன்னைக் கம்பியாக நீட்டியது போன்றது. பாணன் பெறும் பரிசிலையும் அந்நூல் விரிவாகச் சொல்கிறது. யாழைச் செய்தவரின் பெயர் மட்டும் அதில் இல்லை.

இந்த இழப்பு சிறியதன்று. யாழ் வழக்கொழிந்தபோது அதன் அழகு பாட்டில் நின்றது, செய்முறை நிற்கவில்லை. இலக்கியச் சான்றுகளையும் கணிதத்தையும் துணைகொண்டு பல்லாண்டுகள் ஆராய்ந்த பின்னரே விபுலாநந்த அடிகளால் 1947இல் 'யாழ்நூல்' என்னும் ஆய்வைத் தர முடிந்தது.

ஒலி பிறக்கும் வழி

யாழின் பத்தரும் வீணையின் குடமும் உள்ளே வெற்றிடம் உடையவை. நரம்பின் மெல்லிய அதிர்வை அவையே பெருக்குகின்றன. மின்கிட்டாரின் உடலோ பெரும்பாலும் திண்மையான மரப்பலகை. அதில் ஒலியைப் பெருக்கும் வேலை 'பிக்கப்' என்னும் உறுப்பிலிருந்து தொடங்குகிறது. காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்புக்கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றி அதனைச் செய்வர். எஃகுக்கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. அம்மாற்றம் சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. மைக்கேல் பாரடே 1831இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இதன் அடிப்படை. தூண்டப்பட்ட மின்னோட்டத்தை ஒலிபெருக்கி உரத்த இசையாக்குகிறது. நரம்பாலும் நைலானாலும் ஆன இழைகள் காந்தப்புலத்தை மாற்றாததால் இவ்வகை பிக்கப்புக்கு உதவா.

அளவும் செவியும்

கருவி செய்பவர் முதலில் பெறுபவரின் கையை அளக்கிறார். விரல்கள் குறுகியவை எனில் கம்பியின் நீளத்தைக் குறைக்கலாம். இடக்கைப் பழக்கம் உடையவருக்கு அமைப்பையே திருப்ப வேண்டும். நின்று வாசிப்பவருக்கு, தோளில் மாட்டியபோது தலைப்பக்கம் தாழாதவாறு எடை சமன்பட வேண்டும்.

அடுத்தது மெட்டுகளின் கணக்கு. எஞ்சிய கம்பி நீளத்தை ஒவ்வொரு முறையும் 17.817ஆல் வகுத்து அடுத்த மெட்டின் இடத்தைக் குறிப்பர். கம்பியின் நீளம் 648 மி.மீ. எனில் முதல் மெட்டு 36.4 மி.மீ. தொலைவில் அமையும், பன்னிரண்டாம் மெட்டு சரிபாதியான 324 மி.மீ. தொலைவில் அமையும். வீணையின் 24 மெட்டுகளை மெழுகின்மேல் பதித்துச் செவியால் சுரம் தேர்வதை 'மேளம் கட்டுதல்' என்பர். மெழுகில் பதிந்த மெட்டைப் பின்னர் நகர்த்தலாம். மரத்தை அறுத்து அடித்து இறக்கிய கிட்டார் மெட்டை நகர்த்த இயலாது. ஆகவே, கிட்டாரில் அறுப்பதற்கு முன்பே கணக்குப் பிழையற்றதாக இருக்க வேண்டும்.

தஞ்சாவூர் வீணைக்குப் பலாமரம் சிறந்தது. மின்கிட்டாருக்கு மகோகனி, மேப்பிள் முதலிய மரங்களை மிகுதியாகப் பயன்படுத்துவர். எம்மரமாயினும் நன்கு உலர்ந்திருத்தல் வேண்டும். மாமல்லபுரம் போன்ற கடற்கரைகளில் ஈரக்காற்றால் மரம் உப்பும். உப்புக்காற்றால் எஃகு துருப்பிடிக்கும். ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 45 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் கழுத்துப் பகுதியை இழுக்கின்றன. அதனைத் தாங்க, கழுத்தினுள் எஃகுத் தண்டு ஒன்றைப் பொருத்துவர். உறுதியான பூச்சும் உறையும் கருவியின் வாழ்நாளை நீட்டிக்கும்.

பரிசோடு தர வேண்டியது

கட்டடக்கலை பயின்ற தருண் சேகர், சென்னையில் இசைக்கருவிப் பட்டறை அமைத்து யாழை மீண்டும் உருவாக்கியுள்ளார். பழம்பாடல்களின் வருணனை, இன்றைய கைகளில் மீண்டும் மரமும் நரம்புமாக வடிவம் பெறுவதற்கு இம்முயற்சி சான்றாகும்.

பரிசளிக்கும் மின்கிட்டாருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. கருவியோடு அதன் வரைபடத்தையும், மரத்தின் பெயரையும், மெட்டுகளின் அளவுகளையும், செய்தவர் பெயரையும் எழுதித் தருவது நன்று. கம்பி அறுந்தாலும் கழுத்து வளைந்தாலும், வேறொருவர் அதைச் சீர்செய்ய அக்குறிப்பு உதவும். யாழைச் செய்தவர்கள் நமக்கு விட்டுச்செல்ல இயலாமற்போனது அதுவே.

கற்பவை கற்றபின்...

1. கம்பியின் நீளம் 600 மி.மீ. எனக் கொண்டு முதல் மூன்று மெட்டுகளின் இடங்களைக் கணக்கிடுக.
2. உங்கள் ஊரில் இசைக்கருவி செய்பவர் அல்லது பழுதுபார்ப்பவர் ஒருவரைச் சந்தித்து, அவர் கையாளும் கருவிகளின் உறுப்புப் பெயர்களைத் தொகுக்க.