கடைக் கணிப்பொறியும் காணாமற்போன பேரேடும்

கணிப்பொறிக் குற்றம் என்றவுடன் வங்கிகளும் பெரிய நிறுவனங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. நான் எழுதப் புகுவது ஒரு மளிகை மண்டியின் மேசைமேல் இருக்கும் கணிப்பொறியைப் பற்றி.

அந்த மண்டியில் என் தந்தையார் மூட்டை தூக்குகிறார். மாலை வேளைகளில் நான் அங்கே கணக்கு எழுதுகிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே. ஆகவே ‘கம்ப்யூட்டர் தெரிந்த பையன்’ என்ற பட்டம் தானாக வந்து சேர்ந்தது. நான் படிப்பதோ இயற்பியல்!

சென்ற புரட்டாசியில் ஒரு காலை, கணிப்பொறியிலிருந்த கோப்பு ஒன்றுகூடத் திறக்கவில்லை. ஒவ்வொரு பெயரின் பின்னும் நான்கெழுத்து வால் ஒன்று முளைத்திருந்தது. கூடவே ஓர் ஆங்கில ஓலை: 980 டாலர் தரவேண்டும், 72 மணி நேரத்துக்குள் தந்தால் பாதி போதும். இதுதான் ரான்சம்வேர் எனப்படும் பணயத் தீநிரல். அது கோப்புகளைத் திருடிச் செல்வதைவிட, இருந்த இடத்திலேயே பூட்டிவிட்டுச் சாவியை விற்கிறது. 256 பிட் சாவி என்றால், முயன்று பார்க்க வேண்டிய சாவிகளின் எண்ணிக்கை 78 இலக்க எண். உலகிலுள்ள கணிப்பொறிகள் எல்லாம் சேர்ந்தாலும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து முடிக்க இயலாது.

எப்படி நுழைந்தது? கணக்கு மென்பொருளை முதலாளி விலைக்கு வாங்கவில்லை. தெரிந்தவர் ஒருவர் பூட்டுடைத்த பிரதியை ஏற்றித் தந்தார். அது ஓடுவதற்காக வைரஸ் தடுப்பையும் நிறுத்தி வைத்தார். பூட்டை உடைத்துத் தருகிறவன் வேறு யாரையும் உள்ளே அழைத்து வரமாட்டான் என்று எப்படி நம்புவது? முதலாளி நாணயமானவர்தான். ஆனால் கல்லாவுக்கு மூன்று பூட்டுப் போடும் அவர், கணிப்பொறியின் கடவுச்சொல்லைத் துண்டுச் சீட்டில் எழுதித் திரையிலேயே ஒட்டியிருந்தார்.

“தம்பி, நீ பென் டிரைவில் எடுத்து வைத்தாயே, அது இருக்கிறதல்லவா?” என்றார் முதலாளி. இருந்தது; கணிப்பொறியிலேயே செருகியபடி இருந்தது. தினமும் மறக்காமல் நகல் எடுக்க அதுவே எளிது என்று நான்தான் அப்படி விட்டிருந்தேன். தீநிரல் தன் கண்ணில் படும் வட்டுகள் அனைத்தையும் பூட்டும். அதுவும் பூட்டிக் கிடந்தது.

இதே பிழையை உலகப் பெருநிறுவனம் ஒன்றும் செய்தது என்று பின்னர் படித்தபோது சிறிது ஆறுதல் பிறந்தது. டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தை 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்னும் தீநிரல் தாக்கியது. அது உக்ரைன் நாட்டுக் கணக்கு மென்பொருள் ஒன்றின் புதுப்பிப்பு வழியே பரவியது. அது பயன்படுத்திய விண்டோஸ் ஓட்டை ஒன்றுக்கு மைக்ரோசாப்ட் அவ்வாண்டு மார்ச் மாதமே அடைப்புத் தந்திருந்தது! மும்பைக்கு அருகிலுள்ள ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்நிறுவனத்தார் நடத்திய முனையமும் முடங்கியது. பயனர் விவரங்களைக் காக்கும் தலைமைக் கணிப்பொறிகள் ஒன்றுக்கொன்று நகலாக இயங்கின. அதுவே காப்பு என்று எண்ணியிருந்தனர். எல்லாம் ஒருங்கே அழிந்தன. கானா நாட்டில் ஒன்று மட்டும் பிழைத்தது. காரணம், அங்கே அப்போது மின்வெட்டு! நம்மூர் மின்வெட்டைத் திட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க. அங்கிருந்த ஊழியரிடம் பிரிட்டன் செல்ல விசா இல்லாமையால், நைஜீரியா வரை வட்டைக் கொண்டு சென்று வேறொருவர் கையில் ஒப்படைத்தார். பத்து நாட்களில் 4,000 சர்வர்களையும் 45,000 கணிப்பொறிகளையும் புதிதாக அமைத்தனர்.

எங்கள் மண்டிக்குக் கானா இல்லை. கடைக்காரர்களின் பாக்கியைச் சிட்டைகளைக் கொண்டு ஓரளவு திரட்டிவிட்டோம். திரட்ட முடியாதது வேறொன்று. மூட்டை தூக்குவோர் பதினொருவரின் வாரக் கூலியில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்துத் தீபாவளிக்குத் தருவது அங்கே வழக்கம். அந்தக் கணக்குக் கணிப்பொறியில் மட்டுமே இருந்தது. என் கல்லூரிக் கட்டணமும் அதில் அடக்கம். எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மா, வாரந்தோறும் பிடித்த தொகையை நூற்றுக்கு ஒரு கோடாக நாட்காட்டியின் பின்புறம் இழுத்து வைத்திருந்தார். முதலாளி அதை ஒப்புக்கொண்டார். மற்றப் பத்துப் பேருக்கும் அவரவர் சொன்னதில் பாதிதான் கிடைத்தது.

பணம் கேட்டு வந்த ஓலைக்கு முதலாளி பதில் தரவில்லை. பூட்டப்பட்ட வட்டை எறியாமல் வைத்திருக்கச் சொன்னேன். 2016-இல் யூரோபோலும் டச்சுக் காவல்துறையும் பிறரும் தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில் சில தீநிரல்களுக்கான சாவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. எங்களுடையதற்கு இன்னும் கிடைக்கவில்லை.

இப்போது பென் டிரைவ்கள் இரண்டு. ஒன்று கடையில் இருக்கும் வாரம் மற்றது முதலாளி வீட்டு பீரோவில் இருக்கும். பதினொருவருக்கும் ஆளுக்கொரு நோட்டு. சனிக்கிழமைதோறும் நான் எழுதி முதலாளி கையெழுத்திடுகிறார்.

பென் டிரைவைச் செருகியே விட்டவன் நான் என்பதை என் தந்தையாரும் அவருடைய தோழர்களும் அறியார். இம்மலர் கைக்கு வந்ததும் மண்டித் திண்ணையில் உட்கார்ந்து இதை அவர்களுக்குப் படித்துக் காட்டுவதாக இருக்கிறேன்.