பழைய ரைஃபிளைச் சிறுவர் தோளுக்கு ஏற்ப மாற்றியமைத்தல்

அமெரிக்கக் கிராமப்புற வீடுகளில் பாட்டனிடமிருந்து பேரனுக்குக் கைமாறிவரும் துப்பாக்கிகளுள் பல, .22 அளவுத் தோட்டாவை ஒரு நேரத்தில் ஒன்று மட்டுமே ஏற்கும் எளிய போல்ட் ரைஃபிள்களாகும். போல்ட் என்பது தோட்டா அறையைத் திறந்து மூடும் உருளை வடிவ எஃகுத் தண்டு. 1934 முதல் 1963 வரை உற்பத்தியான வின்செஸ்டர் 67 இவ்வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் குழல் 27 அங்குல நீளமும், தோளில் தாங்கும் மரப்பகுதியாகிய கட்டை வளர்ந்தவர் தோளுக்குரிய நீளமும் உடையவை. அந்நிறுவனமே 20 அங்குலக் குழலும் குட்டையான கட்டையும் கொண்ட சிறுவர் வகை ஒன்றைத் தனியாக விற்றது. பெரியவர் ரைஃபிள் சிறுவர்க்குப் பொருந்தாது என்பதைத் தயாரித்தவர்கள் அன்றே அறிந்திருந்தனர் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

எட்டு, ஒன்பது வயதுச் சிறுமியோ சிறுவனோ நீளமான கட்டையைத் தோளில் வைக்க முயலும்போது, விசையை எட்டுவதற்காக இடுப்பைப் பின்னால் வளைத்து, கட்டையின் முனையைத் தோட்குழியிலிருந்து மேற்கைக்கு நகர்த்தி, தலையைக் கட்டையிலிருந்து தூக்கி நிற்க நேர்கிறது. இந்த நிலை ஒருமுறை பழகிவிட்டால் பின்னர் எந்தப் பயிற்சியாளரும் அதை எளிதில் மாற்ற இயலாது. ஆகவே கட்டையைக் குறைப்பது அழகுக்கான வேலையன்று, முதற்பாடத்திற்கு முன்னரே முடிக்க வேண்டிய வேலை.

வெட்டத் தொடங்குமுன் சில சோதனைகள் உண்டு. தோட்டா அறை வெறுமையாக உள்ளதா என்பதைக் கண்ணாலும் சிறுவிரலாலும் உறுதிசெய்து, போல்ட்டைக் கழற்றி வேறிடத்தில் வைத்து, வேலை நடக்கும் அறையில் தோட்டா எதுவும் இராதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகள் மூலையில் கிடந்த ரைஃபிளை ஒரு துப்பாக்கி பழுதுநீக்குநர் ஒருமுறை பார்த்தல் இன்றியமையாதது. வெற்று அறையில் விசையை மீண்டும் மீண்டும் இழுத்ததால், தோட்டாவை அடித்து வெடிக்கச் செய்யும் அடிமுள் அறையின் விளிம்பில் மோதிப் பள்ளம் உண்டாக்கியிருக்கும் பழைய .22 ரைஃபிள்கள் ஏராளம், அவற்றில் தோட்டா சரியாக நுழையாது. கட்டையின் கழுத்துப்பகுதியில், அதாவது கையால் பற்றும் ஒடுங்கிய இடத்தில், மயிரிழை விரிசல் உள்ளதா என்று நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நீண்ட இணைப்புத் திருகாணியால் பின்பகுதி பூட்டப்பட்ட இரண்டு துண்டுக் கட்டைகளை இம்முறையில் வெட்டக்கூடாது. இங்கே சொல்லப்படுவது ஒரே மரத்தாலான கட்டைக்கு மட்டுமே பொருந்தும். சேகரிப்போர் மதிப்பு உடைய ரைஃபிளாக இருந்தால், மூலக் கட்டையைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு, பழைய உதிரிக் கட்டை ஒன்றை வாங்கி அதை வெட்டுவதே முறை.

குழலில் கை வைக்கக்கூடாது. 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டம் இன்று நடைமுறையில் உள்ளவாறு, 16 அங்குலத்திற்குக் குறைந்த குழலோ 26 அங்குலத்திற்குக் குறைந்த மொத்த நீளமோ உடைய ரைஃபிள் தனிப் பதிவுக்கு உட்பட்டது. அதனினும் முக்கியமாக, குழல்வாயை மீண்டும் சீராகக் கடைந்து, இலக்கைப் பார்க்க உதவும் முன்குறியைப் புதிதாகப் பொருத்துவது வீட்டு மேசையில் நடக்கக்கூடிய வேலையன்று. குறைக்க வேண்டியது மரத்தை மட்டுமே.

அளவெடுக்குமுன் கற்பவரின் ஆதிக்கக் கண் எது என்பதை அறிய வேண்டும். இரு கைகளையும் நீட்டி விரல்களிடையே சிறு துளை அமைத்து, தொலைவிலுள்ள ஒரு பொருளை அதன் வழியே பார்த்தபடி கைகளை முகத்தருகே இழுக்கச் சொன்னால், கைகள் எந்தக் கண்ணுக்கு வந்து சேர்கின்றனவோ அதுவே ஆதிக்கக் கண். இடது கண் ஆதிக்கமுடையவர் இடது தோளிலேயே சுடப் பழக வேண்டும். போல்ட் வலப்புறம் இருப்பது ஒற்றைத் தோட்டா ரைஃபிளில் ஒரு பெரிய தடையாகாது.

அடுத்து வருவது விசைத்தொலைவு, அதாவது விசையின் முன்முகத்திலிருந்து கட்டையின் பின்முக நடுப்பகுதி வரையுள்ள தூரம். பெரியவர் ரைஃபிள்களில் இது ஏறத்தாழ 34 செ.மீ. (13.5 அங்குலம்), சிறுவர்க்கென்றே செய்யப்படும் இன்றைய ரைஃபிள்களில் 29 செ.மீ. அளவில் இருக்கும். கற்பவர் தாம் சுடும்போது அணியும் சட்டை அல்லது குளிர்காலக் கோட்டுடன் நின்று முழங்கையைச் செங்கோணமாக மடக்க, முழங்கையின் உள்மடிப்பிலிருந்து சுட்டுவிரல் நுனிச்சதை வரை அளந்தால் தொடக்க எண் கிடைக்கும். அது தொடக்க எண்தான். கோட்டின் பருமனும் கழுத்தின் நீளமும் அதை மாற்றிவிடும் என்பதால், கணக்கிட்டதைவிட 1 செ.மீ. நீளமாகவே முதலில் விட வேண்டும். நீளமாக விட்டதைப் பின்னர் தேய்த்துக் குறைக்கலாம், குட்டையாக வெட்டியதை நீட்ட வழி தேட வேண்டும்.

பலர் இடறுவது ரப்பர் திண்டின் கனத்தில்தான். கட்டையின் முடிவில் பொருத்தப்படும் இத்திண்டு தோளில் வழுக்காமல் இருக்க உதவுகிறது. அதன் கனமும் விசைத்தொலைவில் அடங்கும். இலக்கு 29 செ.மீ., திண்டு 2 செ.மீ. என்றால் விசையிலிருந்து மரம் முடியும் இடம் 27 செ.மீ. ஆக இருக்க வேண்டும், கூடுதலாக விடும் 1 செ.மீ. சேர்த்து 28. கட்டையின் பின்முகத்தை மூடியிருக்கும் பழைய பின்தகட்டைக் கழற்றிவிட்டு, மரத்திலிருந்தே நேராக அளந்து குறியிடுவதே குழப்பமில்லாத வழி. ரைஃபிளைப் பிரிக்குமுன் இக்குறியை இட்டுவிட வேண்டும், ஏனெனில் இவ்வகையில் பெரும்பாலானவற்றில் குழலைக் கட்டையிலிருந்து எடுக்கும்போது விசையும் உடன் வந்துவிடுகிறது. பிறகு அளப்பதற்கு ஆதாரப்புள்ளியே இராது.

இனி வருவதே இந்த வேலையின் உயிர்நிலை: பின்முகச் சாய்வு. கட்டையின் பின்முகம் குழலின் கோட்டுக்குச் சரியான செங்குத்தாக இராமல், சிறிது சாய்ந்திருக்கும். இச்சாய்வு மாறினால் பின்முகம் முழுவதும் தோளில் படியாமல் மேல்முனையோ கீழ்முனையோ மட்டும் தொட்டு, ஒவ்வொரு முறையும் கட்டை மேலே நழுவும் அல்லது கக்கத்துக்குள் இறங்கும். சாய்வை அறிய, ரைஃபிளின் பின்முகத்தைத் தரையில் முழுமையாகப் படியவைத்து, தோட்டா அறைப் பகுதியின் மேற்புறம் சுவரைத் தொடுமாறு நிறுத்தி, குழல்வாய்க்கும் சுவருக்கும் இடையே உள்ள இடைவெளியை அளந்து எழுதிவைக்க வேண்டும். வெட்டி முடித்தபின் அதே இடைவெளி வர வேண்டும். எனவே புதிய வெட்டுக்கோடு பழைய பின்முகத்துக்கு இணையாகவே செல்ல வேண்டும்; பழைய முகம் வளைந்திருந்தால் அதன் மேல்முனையையும் கீழ்முனையையும் இணைக்கும் நேர்கோட்டுக்கு இணையாகச் செல்ல வேண்டும்.

கோடு இழுப்பது தோற்றத்தில் எளிது. கட்டையின் பக்கங்கள் பின்னோக்கி அகன்று வளைந்திருப்பதால், காகிதத்தைச் சுற்றி ஓரத்தை ஒட்டிக் கோடு போடுவோர் திருகிய கோட்டையே பெறுகின்றனர். பிரித்தெடுத்த கட்டையைச் சமதளமான மேசையில் ஒரு பக்கமாகக் கிடத்தி, அடியில் மெல்லிய மர ஆப்புகளைச் செருகி, கட்டையின் மேல்விளிம்பு நடுக்கோடும் அடிவிளிம்பு நடுக்கோடும் முன்னும் பின்னும் மேசையிலிருந்து ஒரே உயரத்தில் நிற்கும்வரை சரிசெய்ய வேண்டும். இதற்குக் கால் மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை, இங்கே மிச்சப்படுத்தும் நேரம் வெட்டில் வீணாகும். பின்னர் முன்னரே இட்ட குறியின் வழியே பக்கவாட்டில் சாய்கோட்டை வரைந்து, மேசைமீது மூலைமட்டத்தை நிறுத்தி, அக்கோட்டின் இரு முனைகளிலிருந்தும் மேல்விளிம்பிலும் அடிவிளிம்பிலும் செங்குத்துக் கோடுகளை இழுக்க வேண்டும். மறுபக்கத்தில் இவற்றை இணைத்தால் நான்கு பக்கமும் மூடிய ஒரே தளக்கோடு கிடைக்கும். அடிவிளிம்பிலுள்ள தோள்வார் வளையத்தின் திருகாணி வெட்டுக்கோட்டில் வருகிறதா என்று பார்த்து, வந்தால் முதலிலேயே கழற்றிவிட வேண்டும். மரத்துக்குள் மறைந்திருக்கும் எஃகு ரம்பத்தின் பற்களை ஒரே இழுப்பில் கெடுத்துவிடும்.

கோட்டின்மீது மாஸ்கிங் டேப் சுற்றி, அதன்மேல் மீண்டும் கோடு வரைந்து, கூர்மையான கத்தியால் 1 மி.மீ. ஆழத்துக்கு மரநார்களை அறுத்துவிட்டால், ரம்பம் வெளியேறும் பக்கத்தில் சிம்புகள் பெயராமல் தப்பும். மின்ரம்பம் கையிலிருந்தாலும் முதன்முறை செய்பவர் நுண்பற்கள் உள்ள கைரம்பத்தையே பயன்படுத்த வேண்டும். வளைந்த கட்டை மின்ரம்ப மேசையில் சிறிது அசைந்தாலும் சக்கரம் அதைப் பற்றி எறிந்துவிடும். கட்டையைத் தலைகீழாகப் பிடிக்கருவியில் தோல் துண்டுகளுக்கிடையே இறுக்கி, மெலிந்த கீழ்முனைப் பக்கத்தில் வெட்டைத் தொடங்கி, பருத்த மேல்முனையில் முடிக்க வேண்டும். கீழ்முனையில் நார்கள் குறுக்கே ஓடுவதால் அதுவே எளிதில் உடையும் இடம். அதை முதலில் கடந்துவிட்டால் அச்சம் இல்லை. கோட்டிலிருந்து அரை மி.மீ. வெளிப்புறமாக வெட்டி, மீதியைச் சமதளக் கண்ணாடியில் ஒட்டிய உப்புத்தாளில் தேய்த்துச் சமமாக்க வேண்டும்.

வெட்டி எடுத்த துண்டை எக்காரணத்தாலும் எறியக்கூடாது. அதன் முன்பக்கத்திலிருந்து வெட்டுமுகத்துக்கு இணையான இரண்டு வில்லைகளை, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1 செ.மீ. கனத்தில், அறுத்து எண்ணிட்டு வைத்தால், கற்பவர் வளர வளர அவற்றைக் கட்டைக்கும் திண்டுக்கும் நடுவே செருகலாம். அதே மரமாதலால் நிறமும் நார்ப்போக்கும் பொருந்தும். வில்லைகள் செருகும்போது திண்டின் திருகாணிகளும் அதற்கேற்ப நீள வேண்டும். ரம்பம் தின்ற மரத்தூளின் கனமாகிய ஓரிரு மி.மீ. திரும்பி வராது என்றாலும், மீதித் துண்டையும் சேர்த்து முழு நீளத்தை மீட்கும்போது அந்தக் குறையைத் திண்டின் கனமே ஈடுசெய்யும்.

புதிய பின்முகம் பழையதைவிடச் சிறியதாகையால் பழைய தகடு நாற்புறமும் துருத்தும். அதற்காகவே தேய்த்துப் பொருத்தும் ரப்பர் திண்டு தேவைப்படுகிறது. பழைய திருகாணித் துளைகள் வெட்டப்பட்ட துண்டோடு போய்விடுவதால், நடுக்கோட்டில் திருகாணியின் உள்தண்டு விட்டத்திற்கு ஈடான புதிய வழித்துளைகள் இட்டு, திருகாணியில் மெழுகு தடவி முடுக்க வேண்டும். சில கட்டைகளின் பின்பகுதியில் எடை குறைக்கத் துளையிட்டிருப்பார்கள்; அத்துளை திறந்துகொண்டால் மரச்செருகி ஒட்டி அடைத்துவிட்டுத்தான் திருகாணி இட வேண்டும். திண்டைத் தேய்ப்பதற்குமுன் கட்டையைச் சுற்றி மூன்று அடுக்கு டேப் ஒட்ட வேண்டும். டேப்பின் மேலடுக்கு கிழியத் தொடங்கும் இடத்தில் நிறுத்தினால் பழைய மெருகு கெடாது. வெட்டுமுகத்தின் திறந்த நார்கள் ஈரத்தை உறிஞ்சுவதால் அங்கே ஆளி எண்ணெய் இரண்டு பூச்சு அவசியம்.

நீளம் சரியானதும் மற்றப் பொருத்தங்கள் விரைவில் முடியும். கன்னம் பதியும் மேடு சிறு முகத்துக்குத் தாழ்வாகவே இருக்கும். கண் குறிகளின் நேர்க்கோட்டுக்கு வரும்வரை தக்கைத் தாள்களை அடுக்கி, மேலே தோலுறை ஒன்றைக் கயிற்றால் கட்டினால் போதும், பிற்காலத்தில் கழற்றிவிடலாம். கழுத்துப்பகுதி சிறு கைக்குப் பருமனாக இருந்தால் பக்கங்களில் மட்டும் ஒன்றிரண்டு மி.மீ. அரத்தால் குறைக்கலாம், மேலும் கீழும் தொடக்கூடாது. பின்மரம் குறைந்ததால் ரைஃபிள் முன்கனமாகிவிடும். அதை ஈடுசெய்யக் கட்டையில் ஈயம் நிரப்புவோர் ஏற்கெனவே பாரம் தாங்காத கைக்கு மேலும் பாரம் ஏற்றுகின்றனர். முதல் சில மாதங்கள் மணல்மூட்டையில் தாங்கியே சுட வேண்டும், நின்று சுடுவது பின்னால் வரலாம்.

வின்செஸ்டர் 67 போன்றவற்றில் போல்ட்டை மூடியபின் அதன் பின்முனைக் குமிழை விரலால் இழுத்தால்தான் அடிமுள் தயாராகும். இது சிறு விரல்களுக்குக் கடினம். சிலர் இதற்காகச் சுருள்வில்லை வெட்டித் தளர்த்துகின்றனர். இது தவறு: தளர்ந்த வில் தோட்டாவை முழு வலிமையுடன் அடிக்காமல், வெடியாத தோட்டாவையோ தாமதமாக வெடிக்கும் தோட்டாவையோ உண்டாக்கும். விரல் வலுப்பெறும்வரை அருகில் நிற்கும் பெரியவரே குமிழை இழுத்துக் கொடுக்க வேண்டும். விசை இழுத்தும் வெடியாவிட்டால், குழல்வாயை இலக்கை நோக்கியே வைத்து, குறைந்தது 30 வினாடி கழித்தே போல்ட்டைத் திறக்க வேண்டும்.

முதற்பயிற்சியில், கண்ணையும் காதையும் காக்கும் கவசங்களுடன், கண்களை மூடியபடி ரைஃபிளைத் தோளில் வைக்கச் சொல்லி, பின் திறக்கச் சொன்னால், குறிகள் இயல்பாகவே நேராக நிற்க வேண்டும்; மூக்குக்கும் பற்றும் கையின் கட்டைவிரலுக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி இருக்க வேண்டும். அதைவிட அதிகமாக இருந்தால், முன்பு கூடுதலாக விட்ட 1 செ.மீ. மரத்தைச் சிறிது சிறிதாக, சாய்வு மாறாமல், கண்ணாடி உப்புத்தாளில் தேய்த்துக் குறைக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதே சோதனையைச் செய்து, இடைவெளி ஒரு விரலாகச் சுருங்கும் நாளில் முதல் வில்லையைச் செருகலாம்.