மணக்கும் மரப்பெட்டி

தேவதாரு இமயத்து மரம். உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே ஆனைமலைக் காடுகளில் சந்தன வேம்பு உண்டு. ஆஸ்திரேலியர் இதைச் 'சிவப்பு சிடார்' என்பர். இது தேவதாரு இனமன்று, வேப்பங் குடும்பம்! ஒற்றுமை மணத்தில்தான்.

தேவதாருவின் வைரம் பாய்ந்த கட்டையில் எண்ணெய் ஊறியிருக்கிறது. கறையான் எளிதில் அண்டாததற்கு இதுவும் ஒரு காரணம். எண்ணெயின் முக்கிய மூலக்கூறுகளில் 15 கார்பன் அணுக்கள். கற்பூரத்தில் 10 மட்டுமே. கனத்த மூலக்கூறு மெதுவாகவே ஆவியாகும். ஆகவே திறந்து வைத்த கற்பூரம் கரைந்துபோகும். கட்டையோ ஆண்டுக்கணக்கில் மணக்கும். மணம் மங்கினால் உப்புத்தாளால் தேய்த்துப் பாருங்கள். புதிய பரப்பு வெளிப்பட்டு மீண்டும் மணக்கும்.

கம்பளி உடைகளை அந்துப்பூச்சியிடமிருந்து காக்கவே மேல்நாட்டார் சிடார் பெட்டி செய்தனர். நம் திருப்பூர்ப் பனியனுக்கு அது தேவையா? அந்துப்புழு தின்பது கம்பளியிலுள்ள கெராட்டின் என்ற புரதத்தை. பருத்தியோ செல்லுலோஸ்! கஞ்சி போட்ட பருத்தித் துணியை அரிப்பது இராமபாணப் பூச்சி. அது வேறு இனம்.