முழங்கால் வலி: தைலம் மட்டும் போதுமா?

மலையிலிருந்து இறங்கும்போது முழங்கால் 'கடக் கடக்' என்கிறதா? காலையில் எழும்பியதும் மடங்க மறுத்து, 10, 15 நிமிடம் நடந்த பிறகுதான் இளகுகிறதா? 50 வயதைத் தாண்டிய நம் தாய்மாரில் பலரைக் கேட்டால் "ஆமா" என்பார்கள். "குளிர் ஏறிப்போச்சு, வாயு புடிச்சிருச்சு" என்று தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுவார்கள்.

இது வாயு அல்ல, மூட்டுத் தேய்வு. எலும்பு நுனியில் மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பு தேய்ந்து, மூட்டைத் தாங்கும் தசையும் பலம் குறைவதால் வருவது. தேய்ந்ததைத் திரும்ப வளர்க்க மாத்திரையும் இல்லை, ஊசியும் இல்லை. ஆனால் வலியைக் குறைத்து நடமாட முடியும்.

ஒரே மருந்தை வாங்கிப்போன இருவரில் ஒருவர் தேறுகிறார். மற்றவர் பேர் போட முடியாமல் லயத்தில் உட்கார்ந்துவிடுகிறார். ஏன்? வித்தியாசம் பெரும்பாலும் தொடையில் இருக்கிறது. தொடைத் தசை பலமாக இருந்தால் பாரத்தை அது வாங்கிக்கொள்ளும்.

கதிரையில் நிமிர்ந்து உட்காருங்கள். ஒரு காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி, 5 எண்ணும்வரை பிடித்து, மெதுவாக இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் 10 தடவை. காலையும் மாலையும் செய்யுங்கள். காசு செலவில்லை.

கஷ்டம் எங்கே என்றால், முதல் வாரம் கொஞ்சம் வலிக்கும். "வலிக்கிற காலை ஏன் ஆட்டுறீங்க, சும்மா இருங்கம்மா" என்று மகனும் மருமகளும் அன்பாகத்தான் சொல்வார்கள். அதோடு பயிற்சி நின்றுவிடும். நல்ல பலன் தெரிய 6 முதல் 12 வாரம் வரை செல்லும். இந்தச் சிறு வலியால் மூட்டு மேலும் தேயாது. மறுநாளும் வலி கூடியிருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள். மருமகள்மார் தடுக்காமல் "இன்னைக்குச் செஞ்சீங்களா?" என்று கேட்டாலே பாதி வைத்தியம்.

பருமனானவர்கள் உடம்பில் 1 கிலோ குறைத்தால், ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் விழும் சுமை சுமார் 4 கிலோ குறையும். தேத்தண்ணிச் சீனியிலிருந்து தொடங்கலாம். தண்ணீர்க்குடம், விறகு இவற்றைப் பிள்ளைகள் தூக்கட்டும். அடுப்படியில் குந்தாமல் உயரமான பலகையில் உட்காருங்கள். கங்காணிமார் மனம் வைத்தால், இப்படிப்பட்டவருக்குச் செங்குத்து மலையை விட்டு, சமமான இடத்தில் நிரை கொடுக்கலாம்.

படி ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள், இறங்கும்போது வலிக்கிற காலை. பொல்லு பிடிப்பதானால் வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பலர் மாறிப் பிடிக்கிறார்கள்!

வலி மாத்திரையைக் கடையில் வாங்கித் தினமும் விழுங்குவது ஆபத்து. வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும், பிரஷர் கூடும். பூசுகிற வலி மருந்து இருக்கிறது. முதலில் அதைப் பற்றி டிஸ்பென்சரியில் கேளுங்கள்.

முழங்கால் திடீரென்று சிவந்து, சூடாகி, வீங்கிக் காய்ச்சலும் வந்தால், அல்லது விழுந்த பிறகு கால் ஊன்ற முடியாவிட்டால், அது வேறு விஷயம். அன்றைய பேர் போனாலும் பரவாயில்லை, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.