பம்பு செட்டுக்கு எத்தனை குதிரை சக்தி தேவை?

கிணற்றுப் பாசனத்திற்குக் கடனோ மானியமோ கோரும் விண்ணப்பங்கள் பலவற்றில் ‘5 குதிரை சக்தி மோட்டார்’ என்று எழுதப்பட்டிருக்கும். மூன்று போதாதா என்பதற்கு விளக்கம் இராது. அண்டை நிலத்துக்காரர் வாங்கியதையே தாமும் கேட்பது வழக்கமாகிவிட்டது. இதனைச் சரிபார்க்கப் பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

மூன்று விவரங்கள் தேவை. முதலாவது, விநாடிக்கு எத்தனை லிட்டர் நீர் வேண்டும் என்பது. இரண்டாவது, மொத்த ஏற்ற உயரம். அதாவது, நீர் இறைக்கும்போது கிணற்றில் நிற்கும் மட்டத்திலிருந்து நீர் வெளியேறும் இடம் வரையிலான உயரத்தோடு, குழாயின் உராய்வு இழப்பையும் கூட்டிக்கொள்ள வேண்டும். மூன்றாவது, பம்பின் செயல்திறன்.

ஒரு லிட்டர் நீரின் எடை 1 கிலோகிராம். விநாடிக்கு 75 கிலோகிராம் எடையை 1 மீட்டர் உயர்த்தும் ஆற்றலே ஒரு மெட்ரிக் குதிரை சக்தி. எனவே, லிட்டரை உயரத்தால் பெருக்கி 75-ஆல் வகுத்து, வரும் ஈவைச் செயல்திறனால் வகுக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஒரு ஹெக்டேர் நிலத்திற்கு நாள்தோறும் 7 மில்லிமீட்டர் நீர் பாய்ச்ச 70,000 லிட்டர் வேண்டும். நான்கு மணி நேரத்தில் இறைப்பதாயின் விநாடிக்கு ஏறத்தாழ 5 லிட்டர். உயரம் 20 மீட்டர், உராய்வு இழப்பு 4 மீட்டர் எனில் மொத்தம் 24. கணக்கிட்டால் 1.6 குதிரை சக்தி வரும். பம்பின் செயல்திறன் 60 சதவீதமாயின் தேவை 2.7, 3 குதிரை சக்தி மோட்டார் போதும். செயல்திறன் 40 சதவீதமே எனில் தேவை 4 ஆகிறது. 5 குதிரை சக்தி மோட்டார் வாங்க நேரிடும். மோட்டாரின் செயல்திறன் 80 சதவீதம் எனக் கொண்டால், முன்னதற்கு நாளொன்றுக்குச் சுமார் 10 யூனிட், பின்னதற்குச் சுமார் 15 யூனிட் மின்சாரம் செலவாகும். நூறு நாளில் ஏறத்தாழ 500 யூனிட் வீண். மின்சாரம் இலவசமாயினும் இச்செலவு மறைவதில்லை; அரசின் கணக்கில் ஏறுகிறது.

குழாயின் விட்டத்தைப் பாதியாகக் குறைத்தால், அதே அளவு நீருக்கு உராய்வு இழப்பு ஏறத்தாழ முப்பது மடங்காகும். ஆகவே, சில இடங்களில் மோட்டாரை மாற்றுவதைவிடக் குழாயை மாற்றுவதே சிக்கனம்.

நீர்மட்டம் 10 மீட்டர் தாழ்ந்தால், மேற்கண்ட நல்ல பம்புக்கே 3.8 குதிரை சக்தி வேண்டியிருக்கும். மோட்டார் பெரிதாகிறது, நீரோ ஒரு சொட்டும் கூடுவதில்லை.

2019-இல் தொடங்கப்பெற்ற பிரதமரின் குசும் திட்டம், தனித்தியங்கும் சூரியசக்தி பம்புகளுக்குப் பொதுவாக 7.5 குதிரை சக்தி வரை மானியம் வகுத்தது. அது உச்சவரம்பேயன்றித் தேவையின் அளவன்று. ஒப்புதல் அளிக்கும் அலுவலர் கிணற்றின் ஆழத்தையும் ஊற்றையும் நேரில் கண்டு கணக்கிட்டால், உழவரின் கடனும் பொதுப் பணமும் நிலத்தடி நீரும் ஒருங்கே காக்கப்படும்.